மகன் அறுத்த பீப்பாய்... சொத்தை மறுத்த அப்பா! - ஒயின் காத்திருக்கும் பரோலோ மலைகள்

அக்டோபர் மாதத்துக் காலை நேரம். இத்தாலியின் வடமேற்கு மூலையில், அல்பா என்ற சிறுநகரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறும் வண்டியின் ஜன்னல் வழியே எதுவும் தெரியாது. எதிரே வருகிற காரின் விளக்குகூட, மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் படும். அத்தனை மூடுபனி. வெயில் ஏற ஏற, பனி மேலிருந்து கீழாக வடியும். முதலில் குன்றின் உச்சியில் ஒரு கோட்டைச் சுவர் தெரியும். பிறகு அதைச் சுற்றிச் சிவப்பு ஓட்டு வீடுகள். அதற்கும் கீழே, எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவிய தலைபோல, வரிசை பிசகாத திராட்சைத் தோட்டங்கள்.

இந்த மலைகளுக்கு லாங்கே என்று பெயர். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் 'நெபியா'. இங்கே விளையும் திராட்சைக்குப் பெயர் 'நெபியோலோ'. பனி இறங்கும் காலத்தில்தான் பழுக்கும் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். அந்தத் திராட்சையில் தயாராகும் சிவப்பு ஒயின்தான் பரோலோ. 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள், நல்ல பாட்டிலாக இருந்தால் அதற்கு மேலும் நிலவறையில் படுத்துக்கிடந்து, பிறகு திறக்கப்படும் ஒயின்.

'ஒயின் என்றாலே பழசாக ஆக ருசி கூடும்' என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மை வேறு. உலகத்தில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. அதற்கு மேல் வைத்தால் பழத்தின் வாசனை போய், வெறும் தட்டையான புளித்தண்ணீர்தான் மிஞ்சும். எந்த பாட்டில் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள பரோலோவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது கடினம். இந்த ஒரு கேள்விக்காக அந்த ஊரில் அப்பனும் பிள்ளையுமே பிரிந்திருக்கிறார்கள்.

நிறத்தை நம்பக் கூடாது!

அல்பா என்றால் தெரியாதவர்களுக்குக்கூட நியூட்டெல்லாவைத் தெரியும். ரொட்டியில் தடவும் அந்தச் சாக்லேட் பசையைத் தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் 1946-ல் பிறந்த ஊர் இதுதான். இலையுதிர் காலத்தில் இங்கே வெள்ளை ட்ரஃபிள் எனப்படும் நிலத்தடிக் காளானுக்குச் சந்தை கூடும். ஆனால், ஊர்க்காரர்களின் சாப்பாட்டு மேசையில் எப்போதும் இருப்பது ஒயின். அதிலும் மூன்று வகை.

முதலாவது டோல்செட்டோ. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் நாவல்பழச் சாறுபோல அடர் ஊதா நிறம். பார்த்தால், நூறு ஆண்டுகள் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டும். இரண்டாவது பார்பெரா. நல்ல புளிப்பு, ஆனால் துவர்ப்பு குறைவு. சில ஆண்டுகள் நிற்கும். மூன்றாவது நெபியோலோ. ஊற்றினால், 'தண்ணீர் கலந்துவிட்டார்களோ' என்று சந்தேகம் வரும். அவ்வளவு வெளிர்ந்த சிவப்பு. கோப்பையின் அந்தப் பக்கம் இருக்கும் விரல்கூடத் தெரியும். அதுதான் முப்பது ஆண்டுகள் தாங்கக்கூடியது!

காரணம் எளிது. சிவப்பு ஒயின் நீண்ட காலம் இருப்பதற்கு முதலில் வேண்டியது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் அதைத் தருகிறது. பச்சை வாழைக்காயைக் கடித்தாலோ, பிஞ்சுப் பாக்கை மென்றாலோ நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதேதான். இரண்டாவதாக வேண்டியது புளிப்பு. ஊறுகாய் போடுகிற வீடுகளில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. புளிப்பு இருந்தால்தான் பண்டம் கெடாது. நெபியோலோவில் இந்த இரண்டுமே உச்சத்தில் இருக்கின்றன. டோல்செட்டோவில் புளிப்பு இல்லை. பார்பெராவில் துவர்ப்பு இல்லை. ஒரே மலை, ஒரே மண், பக்கத்துப் பக்கத்துக் கொடிகள். ஆனாலும் ஆயுள் வேறு.

இளம் பரோலோவை முதன்முதலாகக் குடிப்பவர்கள் முகம் சுளிப்பது சகஜம். வாய் வறண்டு, நாக்கில் மரத்தூள் ஒட்டியதுபோல இருக்கும். ஆண்டுகள் போகப் போக, அந்த டானின் துகள்கள் நிறமிகளோடு ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி, கனம் தாங்காமல் பாட்டிலின் அடியில் வண்டலாகப் படியும். துவர்ப்பு மெல்ல இளகும். பழ வாசனை பின்னால் போய், காய்ந்த ரோஜா, தார், ஈர இலை, தோல் போன்ற வாசனைகள் முன்னால் வரும். தாருக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆனால், பரோலோவைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வது இந்த இரண்டு வாசனைகளைத்தான்.

இந்த மாற்றம் எல்லா துவர்ப்பான ஒயினுக்கும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக இருந்து, உள்ளே பழத்தின் சாரம் மெலிந்திருந்தால், இருபது ஆண்டு கழித்தும் அது துவர்ப்பாகவே இருக்கும். பழம் அதற்குள் செத்துப் போயிருக்கும். துவர்ப்பு, புளிப்பு, பழச்சாரம் மூன்றும் சரிசமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. வாங்கியதில் ஒரு பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ருசித்துவிட்டு, மூடி வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் ருசித்துப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருந்தால், மீதி பாட்டில்கள் நிலவறைக்குப் போகலாம். ஒரே இரவில் சோர்ந்துவிட்டால், அந்த மாதமே விருந்தாளிகளை அழைத்துவிடுவது நல்லது.

325 வண்டிகள்

பரோலோ கிராமத்தில் சுமார் 700 பேர்தான் வசிக்கிறார்கள். நடுவில் ஃபல்லெத்தி குடும்பத்தின் கோட்டை. இப்போது அது ஒயின் அருங்காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் ஜூலியட் கோல்பேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. டூரின் நகரச் சிறைகளில் இருந்த பெண்களின் நிலையை மாற்றப் பாடுபட்டவர் என்று இன்றும் மதிக்கப்படுபவர். பரோலோவை அரண்மனை வரை கொண்டுபோனதும் இவர்தான் என்பார்கள்.

அதற்கு ஒரு கதை உண்டு. 'உங்கள் ஊர் ஒயினைப் பற்றிப் பேச்சு அதிகமாக இருக்கிறதே, எனக்கு எப்போது தருவீர்கள்' என்று மன்னர் கார்லோ ஆல்பெர்தோ விளையாட்டாகக் கேட்டாராம். சில நாட்களில் டூரின் வீதியில் மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தனவாம். மொத்தம் 325 வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பீப்பாய். தவக்காலத்தின் 40 நாட்களைக் கழித்துவிட்டு, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று கணக்கு. கதையில் எவ்வளவு உண்மையோ, கணக்கு சரியாக இருக்கிறது.

அரண்மனைக்குப் போன ஒயின் விவசாயியின் வயிற்றை நிரப்பவில்லை. இந்த மலைகள் இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை வறுமைக்குப் பேர்போனவை. அல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954-ல் எழுதிய 'லா மலோரா' நாவலின் நாயகன், வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் இன்னொருவர் பண்ணைக்கு ஆளாக அனுப்பப்படும் பையன். சிறு விவசாயிகள் திராட்சையைக் கூடையில் அள்ளிக்கொண்டு அல்பா சந்தைக்கு வருவார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. மாலைவரை விற்காவிட்டால் பழம் கெட்டுவிடும் என்பது வியாபாரிக்கும் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாக்லேட் தொழிற்சாலைக்கும் டூரினின் கார் தொழிற்சாலைக்கும் போனார்கள். மலையில் முதியவர்கள் மிஞ்சினார்கள்.

பீப்பாயும் ரம்பமும்

மலையிலேயே தங்கிய பிள்ளைகளில் ஒருவர், லா மோரா கிராமத்து எலியோ அல்தாரே. 1976-ல், 26 வயதில், நண்பர்களோடு பிரான்ஸின் பர்கண்டிக்குப் போனார். அதே அளவு நிலம் வைத்திருக்கும் அங்கத்து விவசாயிகள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. அறை எடுக்கக் காசில்லாமல் காரிலேயே தூங்கினார்கள். அங்கே ஒரு திராட்சை விவசாயி போர்ஷே காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததை அல்தாரே பிறகு பல முறை சொல்லியிருக்கிறார். இவருடைய அப்பாவிடம் இருந்தது, தலைமுறை தலைமுறையாக வந்த பெரிய மரப்பீப்பாய்கள். பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது, 225 லிட்டர் பிடிக்கும் சின்னச் சின்ன புது ஓக் பீப்பாய்கள். அதற்கு 'பாரிக்' என்று பெயர்.

லாங்கேயின் பழைய முறை இப்படி இருந்தது. திராட்சைத் தோலைச் சாற்றில் ஒரு மாதம், சில இடங்களில் இரண்டு மாதம்வரைகூட ஊறவிடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் விடுவார்கள். அதன் பின்னும் பாட்டிலில் பத்தாண்டு போக வேண்டும். அதற்குள் வாங்கியவருக்கும் பொறுமை போயிருக்கும், விற்றவருக்கும் கடன் ஏறியிருக்கும். ஊறவிடும் நாட்களைக் குறைத்து, சிறு பீப்பாயில் போட்டால், சீக்கிரமே இளகிய, வெனிலா மணக்கும் ஒயின் கிடைக்கும். உடனே விற்கலாம். அல்தாரேயும் அவருடைய நண்பர்களும் பிடித்த வழி அதுதான். கொடியில் பழம் முற்றும் முன்பே பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டார்கள், மீதிக் குலைகளில் சாரம் கூடட்டும் என்று. பசியைப் பார்த்த தலைமுறைக்கு அது தாங்கவில்லை. விளைந்ததை மண்ணில் எறிகிறவனைப் பைத்தியம் என்றது ஊர்.

1983-ல் அல்தாரே ஒரு காரியம் செய்தார். சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கி, அப்பாவின் பெரிய பீப்பாய்களை அறுத்துப் போட்டார். அப்பாவுக்கு அது மரம் இல்லை. அவருடைய அப்பா காலத்து வாழ்க்கை. மகனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதினார். சமாதானம் ஆகாமலேயே இரண்டு ஆண்டுகளில் இறந்தும் போனார். அதே நிலத்தைப் பிறகு உடன்பிறந்தவர்களிடமிருந்து விலைக்கு வாங்கித்தான் அல்தாரே தொடர்ந்து ஒயின் செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகள் இந்த மலைகளில் நடந்ததைப் 'பரோலோ போர்' என்றே அழைக்கிறார்கள். ஒரு பக்கம் சிறு பீப்பாய் இளைஞர்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அவர்களுக்கு மதிப்பெண்களை வாரி வழங்கின. விலை ஏறியது. மறுபக்கம் பெரிய பீப்பாயை விடாத பெரியவர்கள். அவர்களில் முக்கியமானவர் பரோலோ கிராமத்து பார்தோலோ மாஸ்கரெல்லோ. இரண்டாம் உலகப்போரில் பாசிசத்துக்கு எதிராக நின்றவர். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் பாட்டில்களுக்கான லேபிள்களைக் கையால் வரைந்துகொண்டிருந்தார். அதில் ஒரு லேபிளில், 'பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று எழுதினார். பெர்லுஸ்கோனி அப்போதைய இத்தாலிய அரசியலின் பெரும் பணக்காரர். அரசியல் லேபிள் ஒட்டிய அந்த பாட்டில்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள். மாஸ்கரெல்லோ 2005-ல் காலமானார். மகள் மரியா தெரேசா அதே பெரிய பீப்பாய்களில்தான் இன்றும் ஒயின் செய்கிறார்.

யார் ஜெயித்தார்கள்? நேர்மையாகச் சொன்னால், இரண்டு பேரும் பாதி பாதி. அந்தக் காலத்துப் பீப்பாய்கள் பலவற்றில் பூஞ்சையும் அழுக்கும் இருந்தன. அதில் கெட்டுப்போன ஒயினையும் 'காத்திருந்தால் சரியாகிவிடும்' என்று சொல்லி விற்ற பெரியவர்கள் இருந்தார்கள். சுத்தம் என்பதை மலைக்குக் கொண்டுவந்தது இளைஞர்கள்தான். அவர்களுடைய ஒயின் பத்தாண்டுகூடத் தாங்காது என்ற ஆரூடமும் பலிக்கவில்லை. அதே சமயம், வெனிலா வாசனை திராட்சையின் குரலையே அமுக்குகிறது என்று பெரியவர்கள் சொன்னது சரி என்று இன்று மலையே ஒப்புக்கொள்கிறது. இளைய தலைமுறை பெரிய பீப்பாய்களைத் திரும்பவும் வாங்குகிறது, இந்த முறை நன்றாகக் கழுவி! ஆனால், அந்த அப்பா அதைப் பார்க்க இல்லை.

1986: விஷம் கலந்த வசந்தம்

1986 மார்ச் மாதத்தில் வட இத்தாலியில் மலிவு ஒயின் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சிலருக்குக் கண்பார்வை போனது. ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்ட மெத்தனால் கலந்திருக்கிறார்கள். இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். விஷ ஒயினின் தடம் போய் முடிந்தது நர்சோலே என்ற ஊரில். பரோலோ மலைகளுக்குப் பக்கத்து ஊர் அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான் என்பதால், தமிழ்நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

பரோலோவில் கலப்படம் நடக்கவில்லை. இருந்தும், இத்தாலிய ஒயின் என்றாலே உலகம் ஒதுங்கியது. அதன் பிறகுதான் 'நிறைய விற்பதைவிட நம்பும்படி விற்பது' என்று இந்த வட்டாரமே திரும்பியது. பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரை, நெபியோலோ தவிர வேறு திராட்சை ஒரு துளியும் கூடாது என்ற விதி ஆகியவற்றுக்கு மதிப்பு கூடியது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து 38 மாதங்கள் கழித்துத்தான் பரோலோ விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும். 'ரிசெர்வா' என்று லேபிளில் போட வேண்டுமானால் 62 மாதம். ஆக, 2020 அக்டோபரில் பறித்த பழம் கடைக்கு வந்தது 2024 ஜனவரியில். சட்டமே பொறுமையைக் கட்டாயமாக்கிய ஊர் இது.

பொறுமையாக வைத்த ஒயினும் மதுதான் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டு வைத்தாலும் ஆல்கஹால் குறைவதில்லை, அதன் கேடும் குறைவதில்லை. லாங்கேயில் சாப்பாட்டோடு ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்துபவர்களே அதிகம் மதிக்கப்படுகிறார்கள்.

எந்த ஊர், எந்த ஆண்டு?

பரோலோ என்ற பெயரை 11 கிராமங்கள் பயன்படுத்தலாம். வைத்துக் குடிக்க வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது கிராமத்தின் பெயரை. லா மோரா, பரோலோ ஆகிய மேற்குப் பக்கக் கிராமங்களில் நீலம் பாய்ந்த, வளமான சுண்ணாம்புக் களிமண். அங்கே விளைவது மணம் நிறைந்த, ஒப்பீட்டளவில் சீக்கிரமே மென்மையாகும் ஒயின். கிழக்கே செர்ராலுங்கா, மான்ஃபோர்தே பக்கம் மண் இன்னும் பழையது, மணற்பாறை கலந்து வறண்டது. கொடி கஷ்டப்பட்டு வளரும். ஒயின் இறுக்கமாக, முரட்டுத் துவர்ப்போடு இருக்கும். இருபது, முப்பது ஆண்டுக்கு வாங்குபவர்கள் தேடுவது இந்தக் கிழக்கு முகடுகளைத்தான். செர்ராலுங்காவின் ஒல்லியான உயரக் கோட்டையைப் பார்த்தாலே அந்த ஒயினின் குணம் புரியும் என்று உள்ளூரில் வேடிக்கையாகச் சொல்லலாம் போலிருக்கிறது.

ஜாகோமோ கான்டெர்னோ நிறுவனத்தின் 'மான்ஃபோர்தீனோ' இந்தப் பக்கத்து ஒயின்தான். நல்ல ஆண்டுகளில் மட்டும் தயாராகும். பெரிய பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வெளியே வரும். விலை சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டாதது. ஆனால், அதே செர்ராலுங்காவின் சரிவில், பெயர் அதிகம் வெளியே வராத சிறு குடும்பங்களின் பரோலோவை அதில் ஒரு சிறு பங்கு விலையில் வாங்கலாம். ஆயுள் விலையைப் பொறுத்ததில்லை.

அடுத்து ஆண்டு. இதில் பத்திரிகைகளை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. 2000-ம் ஆண்டு அறுவடைக்கு அமெரிக்காவின் 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழ் 100-க்கு 100 மதிப்பெண் போட்டது. வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. அது வெப்பமான ஆண்டு. பழம் நன்றாகப் பழுத்து, ஒயின் திறந்த உடனேயே இனிமையாக இருந்தது. மதிப்பெண் போட்டவர்களை மயக்கியதும் அதுவே. அதற்கு முன்பின்னாக இருந்த 1996-ம் 2001-ம் குளிர்ந்த முகத்தோடு, புளிப்பும் இறுக்கமுமாக வந்தவை. நிலவறையில் நீடித்து நிற்பவை என்று இன்று பேர் வாங்கியிருப்பவை அவைதான். கேட்ட உடனே பல்லைக் காட்டுகிற ஆண்டைவிட, ஆரம்பத்தில் முகம் கொடுத்துப் பேசாத ஆண்டு வைப்பதற்கு உகந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சமீபத்திய ஆண்டுகளில் 2010, 2013, 2016 அப்படிப்பட்டவை. 2003, 2009, 2011, 2017 வெயில் அதிகம் வாங்கியவை. அவற்றைச் சீக்கிரம் திறப்பது நல்லது. 2002-ல் செப்டம்பர் மாத ஆலங்கட்டி மழையில் தோட்டங்கள் நாசமாகி, பலர் அந்த ஆண்டு பரோலோவே தயாரிக்கவில்லை. தயாரிக்காமல் இருந்தவர்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வதும் ஒரு வழி. கெட்ட ஆண்டில் கையைக் கட்டிக்கொண்டவர்களின் நல்ல ஆண்டு பாட்டிலை நம்பி வாங்கலாம்.

இப்போது கவலை வேறு. கோடை நீள்கிறது, அறுவடை முந்துகிறது. முன்பு பழம் பழுக்குமா என்று பயந்தவர்கள், இப்போது அதிகமாகப் பழுத்துப் புளிப்பு போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் பனி முதலில் உருகும் தெற்கு நோக்கிய சரிவுகளுக்குத்தான் மவுசு. நெபியோலோவை அங்கேதான் நடுவார்கள். டோல்செட்டோவுக்கு ஒதுக்கிவந்த குளிர்ந்த, உயரமான மேடுகளில் இப்போது நெபியோலோ ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டில் எந்தச் சரிவின் ஒயின் காத்திருக்கும் என்று பழைய வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஷோகேஸில் நிற்கும் பாட்டில்

பார்த்துப் பார்த்து வாங்கிய பாட்டிலைச் சாகடிக்க ஒரே ஒரு சென்னைக் கோடை போதும். ஒயினுக்கு வேண்டியது 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், அதுவும் ஏறி இறங்காமல். காற்றில் சுமார் 70 சதவிகித ஈரம், இருட்டு, அசைவின்மை. லாங்கேயின் மலைக்குள் குடைந்த நிலவறைகளில் இதெல்லாம் இயற்கையாகவே கிடைக்கிறது. பாட்டிலைப் படுக்கவைப்பதற்கும் காரணம் உண்டு. ஒயின் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கார்க் காயாமல் உப்பி நிற்கும். காய்ந்து சுருங்கினால் காற்று புகும், ஒயின் வினிகராகும் வழியில் போகும்.

நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை கொடுத்த பாட்டில், ஹாலில் ஷோகேஸ் விளக்கின் கீழ், டி.வி-க்குப் பக்கத்தில் நின்ற நிலையில் பத்தாண்டு இருக்கும். வெப்பம், வெளிச்சம், நிமிர்ந்த நிலை என்று மூன்று தவறும் ஒரே இடத்தில்! அதை 'பத்து வருஷத்துப் பழசு' என்று பெருமையாகத் திறந்தால், சமையலுக்குக்கூட உதவாது. குளிரூட்டிய தனிப்பெட்டி இல்லாத வீட்டில் ஒயினை வைத்திருக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். சமையலறை ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குச் சரி, ஆண்டுகளுக்கு இல்லை.

நிலவறை உள்ளவர்கள் ஒரே பாட்டிலாக வாங்குவதில்லை. ஆறு அல்லது பன்னிரண்டு வாங்கி, எட்டாம் ஆண்டு ஒன்று, பன்னிரண்டாம் ஆண்டு ஒன்று என்று திறந்து பார்க்கிறார்கள். நடுவில் சில ஆண்டுகள் ஒயின் வாயே திறக்காது. மணமும் இல்லை, ருசியும் இல்லை என்று தோன்றும். கெட்டுவிட்டது என்று பயப்படாமல் மீதியை விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் திரும்பி வரும். திறக்கும் நாளுக்கு முந்தைய தினம் பாட்டிலை நிமிர்த்தி வைப்பார்கள், வண்டல் அடியில் இறங்க. பிறகு, கலங்காமல் வேறு கண்ணாடிக் குடுவையில் மெதுவாகச் சாய்த்து ஊற்றுவார்கள். கிட்டத்தட்ட ரசம் இறுத்து எடுப்பதுபோலத்தான்.

லா மோராவின் மொன்ஃபல்லெத்தோ குன்றின்மேல் ஒரு பெரிய தேவதாரு மரம் தனியாக நிற்கிறது. மலைகளில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். 1856-ல் கோஸ்தான்ஸோ, யூலாலியா என்ற புதுமணத் தம்பதி நட்டது என்கிறார்கள். இப்போது பயணிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மரம் நடாத வீடுகளில் பாட்டில் வைக்கிறார்கள். குழந்தை பிறந்த ஆண்டின் பரோலோவில் ஒரு பெட்டி வாங்கி, பெட்டிமேல் பெயரை எழுதி நிலவறையில் வைப்பது. 2016 அக்டோபரில் பிறந்த குழந்தைக்கான பாட்டில், அந்தக் குழந்தைக்கு மூன்று வயது முடிந்த பிறகு, 2020 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது. இத்தாலியச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு மது விற்கக்கூடிய வயது 18. அது வருவது 2034-ல். 2016-ஐ நன்கு அறிந்தவர்கள், அப்போதும் ஒரு பாட்டிலை மட்டும் திறந்துவிட்டு மீதியை மறுபடி படுக்கவைக்கச் சொல்கிறார்கள்.